சீல் தண்ணீருக்குள் வாயைத் திறக்காமல் பாடுவது எப்படி?

போன பேச்சைக் கேட்ட ஒரு நேயர் எழுதியிருந்தார்: "சீல் என்கிற கடல்நாய் தண்ணீருக்கடியில் பாடும் என்றீர்களே, வாயைத் திறந்தால் தண்ணீர் உள்ளே போய்விடாதா?" இரண்டு நாளாக எனக்கும் இதே நினைப்புதான்.

ஒன்று செய்யுங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயையும் மூடி, "ம்" என்று இழுத்துப் பாருங்கள். ஒரு நொடி ஓசை வரும், அப்புறம் காற்று போக இடமில்லாமல் நின்றுவிடும். சீலுக்கு அந்த ஒரு நொடி நீண்டுகொண்டே போகிறது. உள்ளே இருக்கும் காற்றை வெளியே விடாமல் இங்கும் அங்கும் தள்ளியே ஓசை எழுப்புகிறது. தொண்டையும் நெஞ்சும் துடிக்கும், வாய் திறக்காது. அண்டார்க்டிகாவின் வெட்டெல் சீல் இழுக்கும் இழுப்பு ஒரு நிமிடத்தையும் தாண்டும். உச்சத்தில் தொடங்கி மெல்ல மெல்லக் கீழே இறங்கும்.

சரி, எப்படி என்பதை விடுங்கள். ஏன் என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்? யானை சீல் என்று ஒரு வகை உண்டு. அது கரையில் இணைசேர்கிறது. ஒரு ஆண் கரையில் நின்று நாற்பது, ஐம்பது பெண்களைக்கூடக் காவல் காக்கலாம், அதற்கு உடம்பு வேண்டும். அதனால் ஆண் பெண்ணைப்போல நான்கைந்து மடங்கு எடை. வெட்டெல் சீல் நீருக்குள் இணைசேர்கிறது. அங்கே எடையை வைத்து யாரையும் மறிக்க முடியாது. அதில் பெண்தான் ஒரு சுற்றுப் பெரிது! கரை என்றால் உடம்பு, நீர் என்றால் குரல். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்கவில்லை.

வெட்டெல் தாய் பனிமேல் குட்டிக்குப் பால் கொடுக்கிறது. கடலுக்குப் போக அதற்கு இருக்கும் வாசல் பனியில் உள்ள பிளவும் துளையும்தான். ஆண் அந்தத் துளைக்குக் கீழே எல்லை பிடித்து, வேறு ஆண்களைக் குரலால் விரட்டிக்கொண்டு காத்திருக்கும். பால்குடி முடியும் சமயத்தில் பெண் இறங்கி வரும்.

ஆர்க்டிக் பக்கம் தாடி சீல் என்று ஒன்று. அதன் ஆண் பாடினால் பல கிலோமீட்டர் போகும். அங்கே வாழும் பூர்வகுடிகளான இனுயிட் வேட்டைக்காரர்கள் துடுப்பை நீரில் இறக்கி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பார்களாம். சுழன்று சுழன்று இறங்கும் அந்த ஓசை மரத்தின் வழியாகக் காதுக்கு வந்துவிடும். இத்தனைக்கும் மேலே பனியில் நிற்பவருக்கு அந்தக் கடல் அமைதியாகத்தான் தோன்றும்.