சட்டம் வந்துவிட்டது, சன்னல் திறக்கவில்லை
(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதிக் கோயில் மண்டபம் ஒன்றில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். பக்கத்தில் நின்று என் பேச்சைக் கையால் சொல்லிக்கொண்டிருக்கும் தங்கைக்குத் தனி வணக்கம். நான் வேகமாகப் பேசினால் அவர் முறைப்பார்; முறைக்கச் சொல்லி நான்தான் கேட்டிருக்கிறேன்.

போன வருஷம் என் பழைய மாணவி ஒருத்தியோடு ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனேன். அவளுக்குக் காது கேட்காது, தையல் அருமையாக வரும். வேலை தேடுவோர் பட்டியலில் பதிய வேண்டும். எண் சீட்டு வாங்கி உட்கார்ந்தோம். நான் டீ வாங்கித் திரும்புவதற்குள் ஒலிபெருக்கியில் மூன்று தடவை அவள் எண்ணைக் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். “கூப்பிட்டோமே, ஏன் வரவில்லை?” என்றார் கவுண்ட்டரில் இருந்தவர். சீட்டில் ‘காது கேளாதவர்’ என்று அவரே எழுதியிருந்தார். மறுபடி வரிசையின் கடைசி.

இத்தனைக்கும் 2023 ஜூலையிலேயே சைகை மொழி இந்த நாட்டின் 12ஆவது ஆட்சி மொழி ஆகிவிட்டது. அதைத் தாய்மொழிப் பாடமாக எடுத்து மெட்ரிக் என்கிற பள்ளி இறுதித் தேர்வு எழுத முடிந்ததே 2018இல்தான். அதுவரை படித்தவர்கள் இரவல் மொழியில் தேறினார்கள், அல்லது தோற்றார்கள். சரி, அரசைச் சொல்கிறேன், நம்மைச் சொல்ல வேண்டாமா? பிள்ளைகள் தமிழை மறக்கிறார்கள் என்று வருஷா வருஷம் மேடை போட்டு வருத்தப்படுகிறோம். காது கேளாத பிள்ளையின் மொழியை வீட்டில் எத்தனை பேர் கற்றோம்?

பார்வையற்றவர்கள் கதை வேறு. விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்துதான் பிரெயில். அதை எழுத, பலகையில் தாளைச் செருகி, ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். தாளைத் திருப்பினால்தான் புள்ளி மேலெழும்பி இடமிருந்து வலமாக விரலுக்கு வரும். ஒரு பக்கத்துக்கே கை வலிக்கும். அப்படிப் பாடநூலைப் பிரெயிலுக்கு மாற்றவும் உரிமையாளரிடம் அனுமதி கேட்கச் சொன்னது 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். 2022 செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அது தவறு என்று தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டது பார்வையற்றோர் சங்கம், அரசு அல்ல.

அப்புறம் வேலை. 1998இல் வந்த வேலை வாய்ப்புச் சமத்துவச் சட்டம் மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்துக்கொண்டது. அரசுப் பணியில் நூற்றுக்கு இரண்டு பேர் என்று இலக்கும் வைத்தார்கள். அந்த இரண்டையே வருஷக்கணக்காக எட்டவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்காக 1943இல் தொடங்கிய அரசுத் தொழிற்கூடங்கள் இன்றும் ஓடுகின்றன. பள்ளி மேசை, நாற்காலி, ஆஸ்பத்திரித் துணி செய்கிறார்கள். கை வேலை சுத்தம். ஆனால் வெளி வேலைக்கு ஏணியாக இருக்க வேண்டிய இடம் பலருக்குக் கடைசி நிறுத்தமாகிவிடுகிறது என்பது என் குறை.

உங்களில் பலர் மனசில் இருப்பது உதவித்தொகை. மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்காக 18 வயது வரை பெற்றோருக்கு வருகிற பராமரிப்புத் தொகை அதோடு நிற்கும். பிள்ளை தன் பெயரில் புதிதாக விண்ணப்பித்து, மருத்துவப் பரிசோதனைக்கும் போக வேண்டும். வருமானத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்; வேலைக்குப் போனால் உதவி நின்றுவிடலாம். அதனால் ஒரு தாய் என்னிடம் சொன்னாள்: “வேலை ஆறு மாசம்தான் ஐயா. அது முடிந்ததும் உதவிக்குத் திரும்ப முதலிலிருந்து ஓட வேண்டும். இருப்பது இருக்கட்டும்.” அவளைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவள் போட்ட கணக்கு சரி. வேலையை விட்டவன் பழைய உதவிக்குத் தடையில்லாமல் திரும்ப வழி இருந்தால், அவளே மகனை வேலைக்கு அனுப்புவாள். நாம் கேட்க வேண்டியது அந்த வழியை.

வரும் சனிக்கிழமை பக்கத்து அறையில் இருப்பேன். 18 ஆகப்போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் அடையாள அட்டை, மருத்துவச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் எடுத்து வாருங்கள், படிவத்தைச் சேர்ந்து நிரப்புவோம். எண் சீட்டு கிடையாது. என் முறை வந்ததா என்று கேட்க வேண்டுமானால் வந்து என் தோளைத் தட்டுங்கள்.