அவசர கருத்தடை மாத்திரையும் கருக்குழாயின் இயக்கமும்

அவையோரே, செவிலியர் பயிற்சி பெறும் மாணவியரே,

அவசர கருத்தடை மாத்திரை கருக்குழாயை முடக்கிவிடும், அதனால் கரு கருப்பைக்கு வந்து சேராமல் குழாயிலேயே தங்கிவிடும் என்ற அச்சம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. வெறும் வதந்தி என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. உடலியலில் இதற்கு ஒரு வேர் உண்டு. அந்த வேர் எதுவரை செல்கிறது என்பதைப் பார்ப்போம்.

இத்தாலியின் கேப்ரியேல் ஃபலோப்பியோ 1561-இல் வெளியிட்ட உடற்கூற்று நூலில் எக்காளத்துக்கு ஒப்பிட்டு விவரித்த இக்குழாய், ஏறத்தாழ 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுடையது. அதன் உட்சுவரில் உள்ள நுண்ணிழைகள் நொடிக்கு 5 முறை அளவில் அசைந்து நீரோட்டத்தை உண்டாக்குகின்றன. சுவரின் தசைகள் சுருங்கி விரிகின்றன. இவ்விரண்டும் சேர்ந்துதான் சூலகத்திலிருந்து வெளிவந்த கருமுட்டையை ஏந்திக்கொண்டு, அகன்ற நடுப்பகுதியில் கருவுற்ற பின், மூன்று நான்கு நாட்களில் கருப்பையில் சேர்க்கின்றன. பிறவியிலேயே நுண்ணிழை அசைவு குன்றிய பெண்களில் சிலர் இயல்பாகக் கருத்தரித்திருப்பதால், தசையின் பங்கையும் குறைவாக மதிப்பிடக் கூடாது.

இந்த இயக்கத்தை ஹார்மோன்களே நெறிப்படுத்துகின்றன. சூலகம் சுரக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் மிகும்போது நுண்ணிழைகளின் வேகமும் தசைச் சுருக்கமும் தணிகின்றன. நம் நாட்டில் 2005 முதல் மருத்துவர் சீட்டு இன்றி விற்கப்படும் அவசர கருத்தடை மாத்திரையின் மருந்தான லெவோநார்ஜெஸ்ட்ரல், புரோஜெஸ்டிரோனைப் போலவே செயல்படும் செயற்கைப் பொருள் என்பதால் அதுவும் குழாயை மந்தப்படுத்தும் என்று கருதுவது இயல்பே. அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்ட குழாய்த் திசுவை ஆய்வகத்தில் வைத்துச் சோதித்தபோது, லெவோநார்ஜெஸ்ட்ரல் தசைச் சுருக்கத்தைத் தணித்தது உண்மைதான். வேறொரு அவசர மாத்திரையான யூலிப்ரிஸ்டல் அசிட்டேட்டிலும் ஆய்வகத்தில் இதையொத்த விளைவு காணப்பட்டது.

ஆயினும், கண்ணாடிக் கலத்தில் மிதக்கும் திசுத் துண்டு ஒரு பெண்ணின் உடல் ஆகிவிடாது. முட்டை வெளியேறிய பிறகு சூலகமே நாள்தோறும் புரோஜெஸ்டிரோனைச் சுரந்து குழாயைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது. ஏற்கெனவே அந்த ஹார்மோனில் தோய்ந்திருக்கும் குழாயில் ஒரே வேளை உட்கொள்ளும் 1.5 மில்லிகிராம் மாத்திரை கூடுதலாக எவ்வளவு மாற்றத்தைச் செய்யும் என்பதே உண்மையான கேள்வி. சிலி நாட்டின் சாண்டியாகோவில் நடந்த ஆய்வு இதற்குத் தெளிவான விடையளித்தது. முட்டை வெளியேறுவதற்கு முந்தைய நாட்களில் மாத்திரையை உட்கொண்ட பெண்களில் எவரும் கருத்தரிக்கவில்லை. முட்டை வெளியேறிய அன்றோ அதற்குப் பின்னரோ உட்கொண்டவர்களிடம், மாத்திரையே இல்லாதிருந்தால் எத்தனை கர்ப்பங்கள் எதிர்பார்க்கப்படுமோ கிட்டத்தட்ட அத்தனை கர்ப்பங்கள் ஏற்பட்டன. குழாயின் போக்குவரத்தை மாத்திரை கெடுத்திருந்தால் அவ்வாறு நேர்ந்திருக்க வாய்ப்பில்லை. மூளையடிச் சுரப்பியிலிருந்து எழும் எல்.எச். ஹார்மோனின் உச்சத்தைத் தடுத்து முட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடுவதே மாத்திரையின் வேலை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் 2022 டிசம்பரில், கரு கருப்பையில் பதிவதை இம்மருந்து தடுக்கக்கூடும் என்ற வரியை மருந்துக் குறிப்பிலிருந்து நீக்கியது.

அப்படியானால் குழாய்க் கர்ப்பம் என்ற அச்சம் எங்கிருந்து வந்தது? நாள்தோறும் உட்கொள்ளும், புரோஜெஸ்டின் (புரோஜெஸ்டிரோனைப் போன்ற செயற்கைப் பொருள்) மட்டுமே உள்ள கருத்தடை மாத்திரைகள் தோற்றுக் கர்ப்பம் நேரும்போது, அவற்றில் 100-க்கு 10 வரை கருப்பைக்கு வெளியே தங்கியவையாக இருக்கக்கூடும் என்று அம்மருந்துகளின் குறிப்பே எச்சரிக்கிறது. மாதக்கணக்கில் தொடரும் மருந்தின் விளைவை ஒரே வேளை மருந்தின் மீது ஏற்றியதில்தான் பிழை தொடங்குகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல் அவசர மாத்திரை தோற்ற பின் உண்டான கர்ப்பங்களில் ஏறத்தாழ 100-க்கு ஒன்று மட்டுமே குழாய்க் கர்ப்பமாக இருந்தது. பொதுவான கர்ப்பங்களில் காணப்படும் 1 முதல் 2 விழுக்காட்டை இது மிஞ்சவில்லை. மாத்திரை கர்ப்பங்களின் மொத்த எண்ணிக்கையையே குறைப்பதால், உட்கொண்ட பெண்ணுக்குக் குழாய்க் கர்ப்பம் நேரும் வாய்ப்பும் குறைகிறது என்பதைச் சிலர் ஏனோ சொல்வதே இல்லை. முன்பு குழாய்க் கர்ப்பம் கண்டவருக்கும் இதனைத் தரலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

இதற்காக விழிப்பைக் கைவிட வேண்டியதில்லை. மாதவிலக்கு ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் வலி, இரத்தக் கசிவு, தலைச்சுற்றல், தோள்பட்டை நுனியில் வலி ஆகியவற்றுடன் ஒருவர் வந்தால், தாமதமின்றி ஸ்கேனுக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் அனுப்புங்கள். பழியை மாத்திரையின் மீது போட்டுவிட்டு நின்றுவிடாமல், கிளமிடியா போன்ற தொற்று, முந்தைய குழாய் அறுவை, புகைப்பழக்கம் ஆகியவற்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குழாயை உண்மையில் கெடுப்பவை பெரும்பாலும் அவைதாம்.