வாணலியில் பலோனி

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவுப் பையில் பல தலைமுறைகளாக இடம்பிடித்திருக்கும், அரைத்து உறையில் அடைத்து வேகவைத்த ஒரு மலிவான இறைச்சி உருளையைப் பற்றி இன்று பேசப்போகிறேன். எழுதும்போது அதற்கு இத்தாலியின் பொலோன்யா நகரத்தின் பெயர்தான். ஆனால் ஓஹாயோவிலும் டென்னசியிலும் கடையில் கேட்பவர்கள் 'பலோனி' என்பார்கள், நடுவில் உள்ள 'லோ'வை அழுத்தி. தென்னாப்பிரிக்காவில் அதன் உறவுக்காரப் பண்டத்துக்கு 'பொலோனி' என்று பெயர். அங்கே எழுத்தும் உச்சரிப்பை ஒட்டியே இருக்கிறது.

பொலோன்யா நகரத்தில் போய்க் கேட்டால் கிடைப்பது மோர்ட்டடெல்லா என்ற இறைச்சி உருளை. அது பன்றி இறைச்சி மட்டுமே. வெட்டிய துண்டில் வெள்ளைக் கொழுப்புக் கட்டிகள் கண்ணுக்குத் தெரியும். வேறு இறைச்சி கலந்து ஏமாற்றக் கூடாது என்று 1661இல் அந்நகரத்தில் கார்டினல் ஃபர்னேசே ஆணையே போட்டார். அமெரிக்கப் பலோனியில் மாடு, பன்றி, கோழி எதுவும் இருக்கலாம், கலந்தும் இருக்கலாம். எல்லாம் மாவுபோல் நைசாக அரைபட்டிருக்கும். கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கொழுப்பும் சேர்த்த நீரும் கூடி 40 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது அங்குள்ள சட்டம். அரைக்கும்போது பனிக்கட்டி போட்டுக்கொண்டே இருப்பார்கள். கலவை சூடேறிவிட்டால் கொழுப்பு உருகிப் பிரிந்து, வேகும்போது உறைக்குள் நெய்யாகத் தேங்கிவிடும். அந்த இளஞ்சிவப்பு நிறம் சோடியம் நைட்ரைட்டால் வருவது.

கடையில் வாங்கும் பலோனி வெந்ததுதான், அப்படியே சாப்பிடலாம். பெரும்பாலோர் மெல்லிய துண்டை வெள்ளை ரொட்டியில் வைத்துக் குளிர்ந்தபடியே சாப்பிட்டுவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். என் கருத்தில், பலோனியின் ருசி வாணலியில்தான் பிறக்கிறது.

பாக்கெட்டில் வரும் மெல்லிய துண்டு பொரிப்பதற்கு அவ்வளவு ஏற்றதல்ல. முழு உருளையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். ஓரத்தில் சிவப்பு உறை இருந்தால் சுற்றிலும் உரித்துவிட வேண்டும். அது தின்னும் பொருளல்ல. அடுத்து, நடுவிலிருந்து விளிம்புவரை கத்தியால் ஒரே ஒரு கீறல். இதை விட்டுவிட்டால் என்ன ஆகும்? சூடு பட்டதும் விளிம்பு சட்டென்று சுருங்கி இறுகும், நடுப்பகுதி கவிழ்த்த கிண்ணம்போல் எழும்பிவிடும். ஓரம் மட்டும் கருகும். நடுவில் வாணலியே படாது. கீறல் பாதியில் நின்றாலும் இதே கதைதான், விளிம்பு அறுபட வேண்டும். சிலர் ஓரத்தில் நான்கு வெட்டு போடுவார்கள், அதுவும் சரியே.

கனமான இரும்பு வாணலி, மிதமான தீ. எண்ணெய் வேண்டாம், பலோனியின் கொழுப்பே போதும். ஒரு பக்கத்துக்கு இரண்டிலிருந்து மூன்று நிமிடம். அழுத்தாதீர்கள், அடிக்கடி திருப்பாதீர்கள். அடியில் பழுப்புத் திட்டுகள் வந்தபிறகு ஒரே முறை திருப்பினால் போதும். தீயைக் கூட்டினால் வெளியே கரிந்து கசக்கும், உள்ளே ஜில்லென்றே இருக்கும். சீஸ் வைப்பதானால் திருப்பியவுடன் மேலே வைத்து, கடைசி ஒரு நிமிடம் மூடிவிடுங்கள். அதே கொழுப்பில் ரொட்டியையும் லேசாக வாட்டிக்கொள்ளலாம். மஞ்சள் கடுகு விழுது, பச்சை வெங்காயம், ஊறுகாய் வெள்ளரி, இவை போதும். உப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். 28 கிராம் துண்டிலேயே ஏறத்தாழ 300 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. புளிப்பும் காரமும்தான் கொழுப்பின் திகட்டலை முறிக்கும்.

ஓஹாயோவின் வால்டோ என்ற சின்ன ஊரில் ஓர் உணவு விடுதி இந்தச் சாண்ட்விச்சுக்காகவே பேர் வாங்கியது. கனமான பலோனி, சீஸ், வெங்காயம், இனிப்பு ஊறுகாய். ஓக்லஹோமாவில் முழு உருளையையே புகைபோடுகிறார்கள். மேற்புறத்தைக் கட்டம் கட்டமாக ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கீறி, கடுகு விழுது பூசி, மசாலாத் தூள் தடவி, சுமார் 110 டிகிரி செல்சியஸில் மூன்று நான்கு மணி நேரம். கீறாமல் போட்டால் புகையும் மசாலாவும் மேலோடு நின்றுவிடும், தோலும் கண்டபடி வெடிக்கும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் தடித்த துண்டுகளைப் பொரித்து, 'நியூஃபி ஸ்டீக்' என்று உரிமையோடு அழைக்கிறார்கள். கேப் டவுனிலோ, நீளமான ரொட்டியைப் பிளந்து பொலோனியும் உருளைக்கிழங்கு வறுவலும் ஆச்சாரும் திணித்தால் கேட்ஸ்பி. நான்கு பேர் பங்கிட்டுச் சாப்பிடும் அளவு!

ஒரு எச்சரிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும். 2017, 2018இல் தென்னாப்பிரிக்காவில் பரவிய லிஸ்டீரியா நோய் பொலோனியிலிருந்து வந்தது என்று கண்டறியப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தக் கிருமி குளிர்பெட்டியிலும் வளரும். ஆகவே கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் பலோனியைக் குளிர்ந்தபடி சாப்பிடவே கூடாது. ஆவி பறக்க, 74 டிகிரி வரை சூடாக்கியே சாப்பிட வேண்டும். பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் வகைப்படுத்தியது. இதைத் தினசரி உணவாக்காமல் எப்போதாவது வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டைப் பிரித்துவிட்டால் குளிர்பெட்டியில் வைத்து மூன்று முதல் ஐந்து நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மேற்பரப்பு வழவழவென்று ஆகியிருந்தாலோ புளித்த வாடை அடித்தாலோ, பொரித்துப் பார்க்கலாமே என்று நினைக்காமல் தூக்கி எறிந்துவிடுங்கள். வணக்கம்.