குதிரை முட்டையும் ஒரு கழுத்துத் துண்டும்

நடுவர் அவர்களுக்கும் அரங்கம் நிறைய அமர்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம். ‘நகரத்து மினுக்குப் பெண்களைப் பற்றிய இலகு நாவல்கள் வாசகருக்கு விருந்தா, வீண்பொழுதா?’ என்பது தலைப்பு. விருந்தே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், செருப்பையும் கைப்பையையும் தவிர வேறு நினைப்பே இல்லாத லண்டன், நியூயார்க் பெண்களின் கதையைப் படித்து என்ன பயன் என்று கேட்டார். கேட்ட கையோடு, அந்தச் செருப்பின் குதிகால் எத்தனை அங்குலம் என்பது வரை பிசகாமல் சொன்னார். ஒரு பக்கம் விடாமல் படித்திருக்கிறார், நடுவர் அவர்களே. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் அக்கா வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். போன கோடை விடுமுறையில் என் மகள் கீழே வைத்துவிட்டுப் போன நாவலை எடுத்துப் படிக்கத் தொடங்கினாள். சோஃபி கின்செல்லா என்ற ஆங்கில எழுத்தாளர் 2000இல் வெளியிட்டது. கண்டதையெல்லாம் வாங்கிக் குவிக்கும் ஒரு பெண்ணின் கதை. நாயகி ரெபெக்கா லண்டனில் சேமிப்பைப் பற்றிய பத்திரிகை ஒன்றில் வேலை பார்க்கிறாள். பணத்தை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று ஊருக்கு உபதேசம் செய்கிறவள், தன் கடன் அட்டையின் பட்டியல் வந்தால் கண்ணில் படாமல் ஒளித்துவைக்கிறாள். தள்ளுபடியில் ஒரு கழுத்துத் துண்டு வாங்கப் பணம் போதவில்லை. நோயாளி அத்தைக்குப் பரிசு என்று பொய் சொல்லி இருபது பவுண்ட் கைமாற்று வாங்குகிறாள்.

என் மகள் இந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. இரவு பதினொரு மணிக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள்: “இவள் அசடு, சரி. இந்த அசட்டுக்கு மறுபடி மறுபடி கடன் கொடுத்தது யாரடி? முதலில் அந்த ஆளை அல்லவா பிடிக்க வேண்டும்?”

நடுவர் அவர்களே, அந்த நாவலின் உயிர் அந்தக் கேள்வியில் இருக்கிறது. கதை தொடங்குவதே வங்கிக் கடிதங்களில்தான். படிப்பை முடித்த பெண்ணுக்கு வாழ்த்துச் சொல்லி, கணக்கில் இல்லாத பணத்தையும் எடுத்துக்கொள்ள வசதி செய்து தருகிறது வங்கி. பிறகு அதே வங்கி பணம் எங்கே என்று கேட்டு எழுதுகிறது. கால் முறிந்துவிட்டது, காய்ச்சல் என்று பள்ளிக்கூடப் பிள்ளை விடுப்புக் கடிதம் எழுதுவதுபோல இவள் பதில் போடுகிறாள். நூலாசிரியர் நாவல் எழுத வருவதற்கு முன் நிதிச் செய்தியாளராக இருந்தவர். தெரிந்த நரம்பைப் பார்த்துத்தான் ஊசி போட்டிருக்கிறார். இன்னொன்று: பெற்றோரின் பக்கத்து வீட்டுத் தம்பதி முதலீட்டைப் பற்றி யோசனை கேட்கிறார்கள். இவள் அக்கறையில்லாமல் எதையோ சொல்லிவைக்க, அவர்களுக்குப் பெருந்தொகை போய்விடுகிறது. அதன் பிறகுதான் இந்த மினுக்கி வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு செய்தியை ஒழுங்காக விசாரித்து எழுதுகிறாள். இதில் எங்கே வீண்பொழுது வந்தது?

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், வாசகர்களே பாதிப்பேர் முகம் சுளிக்கிறார்களே என்றார். சுளிக்கட்டும். ஒரே கூடத்தில் ஒரே புத்தகத்துக்கு ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி கொதித்தாள். மகளுக்கு அது வரப்போகும் ஆபத்து, அதனால் சிரிக்க முடிகிறது. அக்காவுக்கு அது முப்பது வருடக் கோப்பு. இரண்டு பேரையும் ஒரே இரவில் தூங்கவிடாமல் செய்த புத்தகத்துக்கு நீங்கள் என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள்.

இந்த வகை நேற்று முளைத்தது என்ற நினைப்பும் எதிரணிக்கு இருக்கிறது. 1925இல் அனிதா லூஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, பொன்னிறக் கூந்தல் அழகி ஒருத்தியின் நாட்குறிப்பாக ஒரு கதை எழுதினார். அது பிறந்த விதத்தை அவரே சொல்லியிருக்கிறார். ரயில் பயணத்தில் இவர் கனத்த பெட்டிகளைத் தனியாகத் தூக்கி இறக்கிக்கொண்டிருக்கிறார். ஒரு ஆணும் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே ஒரு பொன்னிறக் கூந்தல்காரி கையிலிருந்த புத்தகம் நழுவி விழுகிறது. அதை எடுத்துக் கொடுக்க அத்தனை பேரும் பாய்கிறார்கள். அந்த எரிச்சலில் பிறந்தவள்தான் லோரலை லீ.

லோரலைக்கு எழுத்துப்பிழை இல்லாமல் ஒரு வரி வராது. ஆனால் எந்தக் கனவானிடம் எத்தனை வைரம் தேறும் என்ற கணக்கில் ஒரு பிழையும் வராது. வியன்னாவில் அவளைப் பெரிய மனநல மருத்துவரிடம் அழைத்துப்போகிறார்கள். அவர் யார் என்கிறீர்கள்? சாட்சாத் பிராய்டு. அவர் பெயரையும் அவள் தப்பாகத்தான் எழுதுகிறாள். நினைத்த எதையும் மனத்தில் அடக்கிவைத்ததே இல்லை என்று அவள் சொல்லக் கேட்ட அந்த மேதை திகைத்துப்போய், கொஞ்சம் மனத்தடைகளை வளர்த்துக்கொள், நன்றாகத் தூங்கு என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்! அசடு யார், அறிஞர் யார்? அந்தக் காலத்தின் பெரும் நாவலாசிரியரும் புலிட்சர் பரிசு பெற்றவருமான எடித் வார்ட்டன், மகத்தான அமெரிக்க நாவல் இதோ வந்துவிட்டது என்று இந்தப் புத்தகத்தைப் பாராட்டினார். பாதி விளையாட்டாகவே சொல்லியிருக்கட்டும். மீதிப் பாதி போதும் எனக்கு.

நம் பக்கமும் மினுக்குக்காரி புதியவள் அல்ல. விறலிவிடு தூது நூல்களைத் தமிழ்ப் பேராசிரியர்கள் இங்கேயே நாலைந்து பேர் படித்திருப்பீர்கள். வீட்டுக்காரியிடம் கோபித்துக்கொண்டு புறப்பட்டவன் தாசி வீட்டில் இருந்ததையெல்லாம் தொலைத்துவிட்டு, மனைவியிடம் சமாதானம் பேச, ஆடிப் பாடும் விறலியை அனுப்புகிறான். அதை இலக்கியம் என்கிறோம், பதிப்பிக்கிறோம், ஆய்வும் செய்கிறோம். அங்கே கதை சொல்கிறவன் ஏமாந்த ஆண். லோரலையின் நாட்குறிப்பில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவளே பேனாவை எடுத்துக்கொண்டாள். நமக்கு உறுத்துவது மினுக்கா, பேனாவா?

எதிரணித் தலைவரின் வீட்டு அலமாரியில் ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் வோட்ஹவுஸின் நூல்கள் வரிசையாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவருடைய நாயகன் பெர்ட்டி வூஸ்டர் என்ன வேலை செய்கிறான்? ஒன்றும் இல்லை. லண்டனில் மத்தியானம் எழுந்து, அத்தைகளுக்குப் பயந்து, காலுறையின் நிறத்துக்காகத் தன் வேலைக்காரரோடு மனத்தாங்கல் கொள்கிறான். ஆழம் என்று பார்த்தால் அரை அங்குலம் தேறாது. அவனைப் படித்தால் உயர்ந்த நகைச்சுவை! அவனுடைய சித்தி மகள் ஒருத்தி அதே அசட்டுத்தனத்தை இளஞ்சிவப்பு அட்டையில் செய்தால் சமூகச் சீரழிவா? நானும் வோட்ஹவுஸ் பக்தைதான். அதனால்தான் கேட்கிறேன்.

2001இல் பெரில் பெயின்பிரிட்ஜ் என்ற ஆங்கில நாவலாசிரியர் இந்த வகை எழுத்தை நுரை என்றார். இன்னொரு நாவலாசிரியரான டோரிஸ் லெஸ்ஸிங்கும் அவரோடு சேர்ந்துகொண்டு, எடையைப் பற்றிக் கவலைப்படும், குடித்துத் தள்ளாடும் அபலைப் பெண்களையே ஏன் எழுதுகிறார்கள் என்று வருத்தப்பட்டார். பெரியவர்கள், வருத்தத்தை மதிக்கிறேன். அவர் சொன்ன எடையும் மதுக்கோப்பையும் 1996இல் ஹெலன் ஃபீல்டிங் நூலாக்கிய பிரிட்ஜெட் ஜோன்ஸின் நாட்குறிப்பில் ஒவ்வொரு நாளும் முதல் வரியில் வருகின்றன. பெண் ஒருத்தி தன் உடம்பை ரேஷன் கடைக் கணக்குப்போல எழுதிவைக்கும்படி ஆக்கியது யார் என்று அந்த வரி கேட்கிறது. அதைக் கேட்கக் கொஞ்சம் சிரிப்புக் காது வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலப் பெண் நாவலாசிரியர் ஜார்ஜ் எலியட்டையும் துணைக்கு அழைத்தார்கள். பெண் எழுத்தாளர்களின் அசட்டு நாவல்களைக் கிழித்து 1856இல் அவர் எழுதிய கட்டுரை எதிரணிக்குப் பிரம்மாஸ்திரம். அஸ்திரத்தைத் திருப்பிப் பார்த்தீர்களா? அவர் கிண்டல் செய்த நாயகி பேரழகி, பெரும்பாலும் பணக்காரி, குற்றமே இல்லாதவள். கிரேக்கமும் எபிரேயமும் அவளுக்கு விளையாட்டு, சமஸ்கிருதம் அரிச்சுவடி. வங்கிக் கடிதத்தைப் பிரிக்கப் பயப்படுகிற ரெபெக்காவை எலியட்டின் பட்டியலில் எந்த வரிசையில் நிறுத்துவீர்கள்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஒரு புத்தகம் விற்றதும் அதே அச்சில் நூறு வார்த்தார்கள். பெண்ணை எடுத்துவிட்டுக் கைப்பையை மட்டும் எழுதிய புத்தகங்கள் உண்டு. நானே நாற்பதாவது பக்கத்தில் மூடிப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டவையும் உண்டு. மோசமான சாம்பார் இருக்கிறது என்பதற்காகச் சாம்பாரை யாரும் விலக்கிவைப்பதில்லை.

இதைப் படித்தால் நம் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று கடைசியாகப் பயமுறுத்தினார்கள். நாமெல்லாம் சின்ன வயதில் பரமார்த்த குரு கதை படித்தவர்கள். குதிரை முட்டை என்று நம்பிப் பூசணிக்காய் வாங்கிய சீடர்களைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தோம். அதைப் படித்துவிட்டுக் கோயம்பேடு சந்தைக்குப் போய்க் குதிரை முட்டை கேட்டவர் இந்த அரங்கத்தில் யாராவது இருந்தால் கை தூக்குங்கள், என் வாதத்தை இங்கேயே முடித்துக்கொள்கிறேன்.

ஒருவரும் இல்லை. நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒன்றே ஒன்று, ஐயா. அந்த ரெபெக்காவின் அடுத்த பாகத்தில் அவள் நியூயார்க்குக்குப் போகிறாள் என்று என் மகள் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அக்கா அந்தப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். கதைக்காக இல்லையாம். பழைய பாக்கியை அடைத்துவிட்டுத்தான் போனாளா என்று பார்க்க வேண்டுமாம். வணக்கம்.