கடல் கடந்த உழைப்பிலும் வழிபாடு நிலைக்கும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நவராத்திரிக் காலத்து அடைமழையையும் பொருட்படுத்தாமல் டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அட்டன் நகருக்கு வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

"கடல் கடந்து கடும் வேலை செய்வோரின் இறைவழிபாடு நிலைக்குமா, நலியுமா?" என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் நலியும் என்று வாதிட்டார். விடியுமுன் எழுந்து நள்ளிரவில் படுக்கும் பணிப்பெண்ணுக்கு நேரம் இல்லை என்றார். கோயிலே இல்லாத நாட்டில் எங்கே கும்பிடுவது என்று கேட்டார். பிறர் வீட்டு அடுக்களையில் இறைச்சி சமைத்த கையோடு விரதம் எப்படிக் கூடும் என்றார். எஞ்சுவதெல்லாம் தொலைபேசியில் தேர்த்திருவிழா பார்ப்பது மட்டுமே என்று சொல்லி அமர்ந்தார். அவர் அடுக்கிய துன்பங்களில் ஒன்றைக்கூட நான் மறுக்க மாட்டேன். நாடு பொருளாதாரத்தில் நிலைகுலைந்த 2022ஆம் ஆண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை தேடி இலங்கையை விட்டுப் போனார்கள். மகளையோ மகனையோ மருமகளையோ அனுப்பிவிட்டுத் தொலைபேசி மணிக்குக் காத்திருக்கும் குடும்பங்கள் இந்த மண்டபத்திலும் இருக்கின்றன. அந்தத் துன்பங்களிலிருந்து நண்பர் எடுத்த முடிவு ஒன்றைத்தான் நான் மறுக்கிறேன்.

நண்பர் இன்றைய பிள்ளைகளைப் பற்றி மட்டுமே பேசுவதாக எண்ணிக்கொண்டு நம் பாட்டன் பூட்டன்மாரைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லிவிட்டார். 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய காலத்திலிருந்து, திருச்சி, புதுக்கோட்டை, சேலம், இராமநாதபுரம் பக்கத்து ஊர்களை விட்டுக் கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தவர்கள் யார்? அவர்களும் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவர்கள்தாம். அந்த இருநூறு ஆண்டை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர்கள் மீண்டும் நடந்ததை நாம் அனைவரும் அறிவோம். காலராவுக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே பலியானவர்கள் போக, மலையேறிச் சேர்ந்தவர்களுக்கு இங்கே ஆகமக் கோயிலும் இல்லை, பூசை செய்யக் குருக்களும் இல்லை. விடியுமுன் தப்பு மேளச் சத்தம் கேட்டு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்காவிட்டால் அன்றைக்குப் பேர் கிடையாது, கூலியும் கிடையாது. எதிரணி நண்பர் சொன்ன நேரமின்மையும் கோயிலின்மையும் அவர்களுக்கு ஒன்றுவிடாமல் வாய்த்திருந்தன.

அவர்களுடைய வழிபாடு நின்றா போயிற்று? ஊர்க்கோயில் பிடிமண்ணை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து சாமி நட்ட கதையைத் தோட்டத்துக்குத் தோட்டம் முதியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு மேலே மரத்தடியில் கல்லை நிறுத்தி மாரியம்மனைக் கும்பிட்டார்கள். ஆனால் நான் அழுத்திச் சொல்ல வந்தது அதையல்ல. தேயிலைத் தொழிற்சாலையில் பெரிய ரோதை, அதாவது இயந்திரச் சக்கரம், சுற்றத் தொடங்கியதும், அந்த ரோதையினால் எவருடைய உயிருக்கும் கைகாலுக்கும் கேடு வராமல் காக்க ரோதைமுனியை நிறுத்தினார்களே, அந்தச் சாமியை எந்த ஊரிலிருந்தும் எவரும் கொண்டுவரவில்லை, வேலைத்தலத்திலேயே கண்டுகொண்டார்கள். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியை எடுக்குமுன் மலையில் தேங்காய் உடைத்துக் கவ்வாத்துச் சாமியைக் கும்பிட்டார்கள். கூடைக்காரப் பெண்கள் நிரையில் நின்று முதல் கொழுந்தைக் கிள்ளிக் கூடைக்குள் போடும்போது "பொலியோ பொலி" என்று குரல் கொடுத்தார்கள். அந்தக் குரலுக்கென்று தனியாக நேரம் ஒதுக்கப்படவில்லை, அதற்காகத் தோட்டத் துரையிடம் விடுப்பும் கேட்கப்படவில்லை. அன்றைய உழைப்பின் முதல் அசைவே வழிபாடாக இருந்தது. வேலை முடிந்தபின் மிஞ்சும் நேரத்தில் செய்வது மட்டுமே வழிபாடு என்று வரையறுத்தால் எதிரணியின் வாதம் செல்லும். மலையகத்து மனிதருக்கு அந்த வரையறை ஒருநாளும் பொருந்தியதில்லை, நடுவர் அவர்களே.

இதற்கு எதிரணி என்ன மறுமொழி தரும் என்பதையும் நான் அறிவேன். "நம் முன்னோர் கூட்டமாக வந்தார்கள், உறவோடு வந்தார்கள், கல்லை நட்டால் சுற்றி நின்று கும்பிட நூறுபேர் இருந்தார்கள், ரியாத்திலோ குவைத்திலோ ஒரு வீட்டுக்குள் தனியாக இருக்கும் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்பார்கள். எதிரணி கேட்கக்கூடியவற்றுள் மிகக் கனமான கேள்வி இது என்பதால், இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவிட விரும்புகிறேன்.

என் சின்னம்மாவின் மகள், எனக்கு அக்கா முறையானவர், ரியாத் நகரில் ஒரு வீட்டில் பணிபுரிகிறார். அந்த நாட்டில் பிற சமயத்தவர் பொது இடத்தில் வழிபட இடமில்லை, கோயிலும் இல்லை. அவர் காலையில் குளித்து உடை மாற்றியதும், பழைய மாத்திரைப் போத்தல் ஒன்றில் போட்டுவைத்திருக்கும் திருநீற்றை விரல்நுனியில் தொட்டு, நெற்றியில் இடாமல் மார்பில் இட்டுக்கொள்கிறார். பிறகு அடுக்களைக்குப் போய், அடுப்பு மேடையைத் துடைத்து, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாய்க்குள்ளே ஐந்தெழுத்தைச் சொல்லி அடுப்பைப் பற்றவைக்கிறார். அவருடைய நித்திய வழிபாடு இவ்வளவுதான். நெற்றியிலிருந்து மார்புக்கு இறங்கிவிட்டதே, இதுதானே நலிவு என்று எதிரணி கேட்கலாம். திருநீறு தரிக்கும் இடங்களாகச் சைவ விதி பதினாறு தானங்களைச் சொல்கிறது. மார்பும் அவற்றுள் ஒன்று. சாமி கும்பிட ஒரு பச்சிலை போதும், அது யாவர்க்கும் இயலும் என்று திருமூலர் பாடினார். திருநின்றவூரில் கல்லுக்கும் மரத்துக்கும் பொருள் இல்லாத பூசலார், நெஞ்சுக்குள்ளேயே அடித்தளம் முதல் சிகரம் வரை கோயில் எழுப்பினார். காஞ்சியில் கற்றளி கட்டிய பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, அதே நாளில் பூசலார் கோயிலுக்குள் தாம் புகவேண்டியிருப்பதால் குடமுழுக்கை வேறு நாளுக்குத் தள்ளிவைக்கச் சொன்னார் என்பது நாம் போற்றும் வரலாறு. தனித்தும் வசதியின்றியும் இருப்பவரின் வழிபாட்டைக் குறைந்தது என்று தள்ளாமல், அதற்கு முதலிடம் கொடுத்த சமயம் நம்முடையது. என் அக்கா விதியை மீறவில்லை. விதிக்குள் ஏற்கெனவே இருந்த இடத்துக்குப் போய் நின்றிருக்கிறார்.

விரதத்தைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். கந்தசஷ்டியை ஆறு நாளும் உபவாசமிருந்து நோற்பவர் உண்டு, பாலும் பழமும் கொள்பவர் உண்டு, ஒருவேளை உணவோடு இருந்து கடைசி நாளில் மட்டும் உபவாசமிருப்பவர் உண்டு. உடலுக்கும் சூழலுக்கும் ஏற்பப் படிகள் அமைந்த நோன்பு அது. ஆடி வெள்ளிக்குத் தண்ணீரும் குடியாமல் கட்டார் நாட்டு வெயிலில் கட்டடச் சாரம் ஏறுகிறேன் என்று எந்தத் தம்பியாவது சொன்னால், அதை நான் பக்தி என்று புகழ மாட்டேன். கோடை மாதங்களில் நண்பகலில் திறந்தவெளி வேலையை அந்நாட்டுச் சட்டமே தடுக்கும் அளவுக்கு அங்கே வெப்பம் இருக்கிறது; அந்தத் தம்பி நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், மரக்கறி உணவோடு அந்த நாளைக் கழித்தால் அதுவே நிறைவான நோன்பு. இறைச்சி சமைக்கும் பெண்ணைப் பற்றியும் இதையே சொல்கிறேன். அது அவர் பிழைப்புக்காகச் செய்யும் கடமை. தாம் உண்பதில்தான் அவருடைய நோன்பு இருக்கிறது. கழுவிய கையைத் தீட்டென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இலண்டனில் தாதியாகப் பணிபுரியும் நம் பெண்களுக்கு வேறு வகையான சிக்கல். அங்கே மருத்துவமனைகளில் நோயாளியைத் தொட்டுப் பணிபுரிவோர் முழங்கைக்குக் கீழே நூலோ வளையலோ அணியக் கூடாது. தொற்றைத் தடுப்பதற்கான விதி அது. சஷ்டிக் காப்புக் கட்டிய கையோடு நோயாளியைத் தொட முடியாது என்பதால், ஒரு தங்கை காப்பை வாங்கிப் பூசைத் தட்டில் வைத்துவிட்டு ஆறு நாளும் நோன்பு நோற்றார். அவர் செய்ததே சரி என்பேன். நோயாளியின் உயிரைக் காப்பதற்கு இடையூறாகும் நூலை முருகன் கேட்கமாட்டான். அதே தங்கை, பிரதோஷத்துக்கு இங்கிருந்து அனுப்பிய நாட்காட்டியைப் பார்த்து, நம் நேரத்துக்கு அங்கே விளக்கேற்றி வந்தார். பிரதோஷ வேளை அவரவர் இருக்கும் ஊரின் சூரிய மறைவைப் பொறுத்தது. இலண்டனில் மார்கழியில் மாலை நாலு மணியளவிலேயே பொழுது சாய்ந்துவிடுகிறது, ஆனியில் ஒன்பது மணிக்குப் பிறகுதான் சாய்கிறது. இதை அறிந்தபின் தம் வேலை முறையைப் பார்த்து, எந்தப் பிரதோஷம் கைகூடும், எந்த நாளில் பணியிலிருந்தபடியே மனத்தால் கும்பிட வேண்டும் என்று அவரே வகுத்துக்கொண்டார். வழிபாடு நலிந்தவர் இப்படி நாளும் பொழுதும் கணக்குப் பார்ப்பாரா?

கோயில்கள் வெளிநாடுகளிலும் எழுந்திருக்கின்றன என்ற வாதத்தை என் அணித்தலைவர் விரித்துப் பேசினார். சிங்கப்பூர் மாரியம்மன் கோயில் 1827இல் தோன்றியது. டுபாயின் ஜெபல் அலியில் 2022இலும் அபுதாபியில் 2024இலும் கோயில்கள் திறக்கப்பட்டன. மகிழத்தக்க செய்திகள்தாம். எனினும் நான் என் வழக்கை அவற்றின்மேல் கட்டவில்லை. வீட்டுக் கதவைத் தாண்ட அனுமதி இல்லாத பெண்ணுக்கு, அதே நகரில் கோபுரம் இருந்தாலும் தொலைவுதான். சிங்கப்பூரில் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு மாதத்தில் ஒரு நாளேனும் கட்டாய ஓய்வு தரவேண்டும், அதைப் பணமாகக் கொடுத்து ஈடுசெய்யக் கூடாது என்ற விதி 2023இல்தான் வந்தது. தம் வழிபாட்டைக் கோயில் வாசலில் மட்டும் வைத்திருந்தவருக்குத்தான் எதிரணி சொன்ன நலிவு வரும்.

தொலைபேசியில் திருவிழா பார்ப்பது பற்றி எதிரணி நண்பர் சொன்னதை நான் பெரிதும் ஏற்றுக்கொள்கிறேன். நல்லூர்த் தேரைத் திரையில் பார்ப்பது மனத்துக்கு ஆறுதல் தரும், ஆனால் பார்ப்பவர் தாம் ஒன்றும் செய்யாதவரை அது காட்சியாகவே நின்றுவிடுகிறது. நம் காமன் கூத்தை ஒருவர் தனியே ஆட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ரதியும் மதனும் தப்புக்காரரும் ஊரும் சேர்ந்தால்தான் அது கூத்து. அந்த இழப்பு உண்மையான இழப்பு.

அதை ஈடுசெய்ய வேண்டிய பொறுப்பு போனவருடையது மட்டுமன்று, இங்கே இருக்கும் நம்முடையது. தோட்டக் கோயிலில் ஏழு மணிப் பூசைக்கு, போனவரின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அர்ச்சனை செய்யுங்கள்; அந்த நேரத்தை முன்கூட்டியே அவருக்குச் சொல்லுங்கள். நமக்கு ஏழு மணி என்றால் ரியாத்தில் மாலை நாலரை மணி. அந்த வேளையில் அவர் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாலும், தம் பெயர் சாமிக்கு முன் சொல்லப்படுகிறது என்று அறிந்து துலக்குவார். அழைப்பெடுக்கும்போதெல்லாம் எவ்வளவு காசு அனுப்பினாய் என்று மட்டும் கேட்காமல், இன்றைக்கு விளக்கு வைத்தாயா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். இதைக் கடுமையாகச் சொல்கிறேன் என்று தாய்மார்கள் வருந்த வேண்டாம். அந்த ஒரு கேள்விக்காக ஏங்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. ஒரு கேள்வியோடு அமர்கிறேன். நேரமின்மையும் கோயிலின்மையும்தான் வழிபாட்டை நலியச் செய்கின்றன என்பது எதிரணியின் கட்சி. அப்படியானால், லயத்திலிருந்து பார்த்தால் கோயில் தெரியும் தூரத்தில், ஞாயிறு முழுவதும் ஓய்வாக இருந்தும், மாதக்கணக்கில் விளக்கேற்றாத வீடுகள் நம் தோட்டங்களில் இருக்கின்றனவே, அவற்றில் வழிபாட்டை நலியச் செய்தது எது? அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் முதலில் இதற்கு விடை சொல்லட்டும். நன்றி, வணக்கம்.