கோட்டைக்குள் சுருங்கிய அரசு: தஞ்சை மராட்டியரின் பிற்காலம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தஞ்சைப் பெரிய கோயிலின் தென்மேற்குச் சுவரில், தஞ்சையை ஆண்ட மராட்டியரான போன்ஸ்லே வம்சத்தின் வரலாறு மராத்தி மொழியில் நெடிய கல்வெட்டாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆண்டு 1803. அதை வெட்டச் செய்த இரண்டாம் சரபோஜி, 1799 அக்டோபர் உடன்படிக்கையின்படி நாட்டின் நிர்வாகம் முழுவதையும் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஏகோஜி நிறுவிய அரசு கோட்டைக்குள் சுருங்கி, வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகன் பொற்காசும் மட்டுமே மன்னருக்கு உரியவை என்றாகிவிட்டது. ஆயினும் இந்த வம்சத்தை நாம் இன்று நன்றியோடு நினைப்பதற்குரிய பணிகளில் பெரும்பகுதி அதிகாரம் போன பிறகு நடந்தவையே.

படை நடத்தவும் வரி விதிக்கவும் உரிமையற்ற சரபோஜி நூல்களைத் தேடித் தொகுத்தார். தம்முடைய ஆங்கில நூல்களில் தம் கையொப்பத்தையும் இட்டு வைத்தார். நாயக்கர் காலத்தில் தொடங்கிய சரஸ்வதி மகால் நூலகம் அவர் காலத்தில்தான் பன்மடங்கு பெருகியது. அவர் அமைத்த தன்வந்திரி மகாலில் மருந்துகள் ஆராயப்பட்டன. கண்நோயாளிகளின் விவரமும் சிகிச்சையும் குறிக்கப்பட்டு, நோயுற்ற கண்ணின் தோற்றம் வண்ண ஓவியமாகத் தீட்டப்பட்ட ஏடுகள் அந்நூலகத்தில் இன்றும் உள்ளன. பெயரளவில் மட்டுமே அரசராக இருந்த ஒருவர் குடிமக்களின் கண்ணோய்க்கு இத்தனை கவனம் செலுத்தியது என்னை வியக்க வைக்கிறது.

சத்திரங்களின் மானியங்களைக் குறைத்துவிட வேண்டாம் என்று அவர் 1801இல் ரெசிடெண்டுக்கு, அதாவது தஞ்சையில் இருந்த கம்பெனியின் பிரதிநிதிக்கு, எழுதிய கடிதமும் அத்தகையதே. எல்லாச் சாதியாருக்கும் சத்திரங்களில் உணவு அளிக்கப்படுவதையும், நோயுற்ற வழிப்போக்கர்களுக்கு வைத்தியம் செய்யப்படுவதையும், கருவுற்ற பெண்கள் பேணப்படுவதையும் அதில் விளக்குகிறார். தமக்கான சலுகையை விட்டுவிட்டு இதற்காக மன்றாடியதை அவருடைய மிகச் சிறந்த அரச செயலாகவே நான் கருதுகிறேன். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்காக மல்லிப்பட்டினத்தில் மனோரா என்னும் நினைவுக் கோபுரத்தை எழுப்பியவரும் அவரே என்பது மனத்தை வருத்தும் உண்மை.

பரதநாட்டியக் கச்சேரி முறையை வகுத்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வரும் இந்த அரண்மனையின் ஆதரவில் வாழ்ந்தவர்களே.

1855இல் சரபோஜியின் மகன் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்ததும், கம்பெனி அரச பட்டத்தை ஒழித்ததோடு அரண்மனையின் சொந்தச் சொத்துகளையும் கைப்பற்றியது. மூத்த அரசி காமாட்சிபாய் அன்றைய சென்னை உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து வென்றார். ஆனால் அன்று இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், இது அரசின் அதிகாரச் செயல், நீதிமன்றம் தலையிட முடியாது என்று 1859இல் தீர்ப்பை மாற்றியது. பின்னர் 1862இல் அரசாங்கம் சொத்துகளை அரசியர்க்குத் திருப்பித் தந்தது. குடும்பத்தார் உரிமையை விட்டுக்கொடுக்க, நூலகம் 1918இல் பொது நூலகமாயிற்று. அரண்மனை தேவஸ்தானத்தைச் சேர்ந்த 88 கோயில்களின் பரம்பரை அறங்காவலர் பொறுப்பு அக்குடும்பத்திடமே தொடர்கிறது.

அரண்மனையின் அன்றாடச் செலவுகள், கடிதங்கள், கட்டளைகள் அனைத்தும், மராத்தியை விரைவாக எழுதப் பயன்பட்ட மோடி என்னும் பழைய எழுத்தில் இருக்கின்றன. தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றில் ஒரு பகுதியைத் தமிழாக்கி வெளியிட்டது. மோடி எழுத்தை வாசிக்க வல்லவர்கள் மிகச் சிலரே எஞ்சியுள்ள நிலையில், நம் கல்லூரிகளில் வரலாறு பயிலும் மாணவர்களுக்கு அந்த எழுத்தைக் கற்பிக்க வழி செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.