முதல் பிக்கை விற்கலாமா?

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

2023 ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமை. என்.எஃப்.எல். என்கிற அமெரிக்கக் கால்பந்து லீகில் லீக் சுற்றின் கடைசி நாள். ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணி அன்றைக்குத் தோற்றிருந்தால் போதும், ஏப்ரலில் நடக்கும் டிராஃப்டில், அதாவது கல்லூரியிலிருந்து வரும் புதுமுகங்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் ஆளை எடுக்கும் உரிமை அவர்களுக்கே வந்திருக்கும். ஆனால் ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லாதபோது, நான்காவது, அதாவது கடைசி முயற்சியில் 20 கெஜம் தேவை என்ற நிலையில், பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் ஒரு டச்டவுன் போட்டார்கள். கூடவே 2 புள்ளி எடுத்து, இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸை 32-31 என்று ஜெயித்தும் விட்டார்கள். ஜெயித்த பயிற்சியாளர் லவி ஸ்மித்துக்கு அன்றிரவே வேலை போனது, அது தனிக் கதை. முதல் ஆளை எடுக்கும் அந்த உரிமை, அதாவது முதல் பிக், சிகாகோ பேர்ஸ் அணியின் மடியில் வந்து விழுந்தது.

பேர்ஸ் அதை இரண்டே மாதத்தில் விற்றார்கள். அடுத்த ஆண்டு, 2024லும், முதல் பிக் அவர்களிடமே இருந்தது. அப்போது விற்கவில்லை. ஒரே அணி, ஒரே ஜெனரல் மேனேஜர் ரயன் போல்ஸ், அடுத்தடுத்த ஆண்டில் இரண்டு எதிரெதிரான முடிவுகள். முதல் பிக்கை விற்பதா, வைத்துக்கொள்வதா என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

இந்த ஆட்டத்தைப் பின்தொடராதவர்களுக்கு முதலில் ஓரிரு விவரம். லீகில் 32 அணிகள். டிராஃப்ட் 7 சுற்று. போன சீசனில் மிக மோசமாக ஆடிய அணி முதலில் எடுக்கும், கோப்பை வென்ற அணி கடைசியில் எடுக்கும். நம் ஐபிஎல் ஏலத்தைப் போலப் பணப்பை திறந்தவனுக்கு ஆள் என்கிற கணக்கு இங்கே கிடையாது. வரிசையில் முன்னால் வர வேண்டுமானால் முன்னால் நிற்பவரிடம் இடத்தை வாங்க வேண்டும். விலையாகத் தருவது வேறு பிக்குகள், அல்லது ஆட்டக்காரர்கள். இந்த வியாபாரம் டிராஃப்ட் பிறந்த நாளிலிருந்தே உண்டு. 1936ல் நடந்த முதல் டிராஃப்டில் பிலடெல்பியா ஈகிள்ஸ் எடுத்த முதல் ஆள் ஜே பெர்வாங்கர். அவர் மீதான உரிமையை ஈகிள்ஸ் இதே சிகாகோ பேர்ஸுக்கு விற்றது. பேர்ஸுடன் சம்பளம் ஒத்துவராமல் பெர்வாங்கர் கடைசிவரை என்.எஃப்.எல்.லில் ஆடவே இல்லை.

சரி, விலையை எப்படிப் போடுகிறார்கள்? 1990களின் தொடக்கத்தில் டாலஸ் கௌபாய்ஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் ஒரு விலைப் பட்டியலைக் கையில் வைத்திருந்தார். அந்த அணியின் பங்குதாரர்களில் ஒருவரான மைக் மெக்காய் தயாரித்தது. முதல் பிக்குக்கு 3000 புள்ளி, இரண்டாவதுக்கு 2600, மூன்றாவதுக்கு 2200. பத்தாவதுக்கு வரும்போதே 1300தான். முதல் சுற்றின் கடைசி, 32ஆவது பிக், 590. இன்று ஒவ்வொரு அணியும் தனக்கென்று புதிய பட்டியல் வைத்திருக்கிறது. ஆனாலும் பேரம் பேசும்போது இந்தப் பழைய எண்கள் இன்னும் வாயில் வருகின்றன. அடுத்த ஆண்டின் பிக்குக்கு ஒரு வழக்கம் உண்டு: ஒரு ஆண்டு தள்ளிப்போனால் ஒரு சுற்று இறக்கி மதிப்பிட வேண்டும். அதாவது அடுத்த ஆண்டின் முதல் சுற்று, இந்த ஆண்டின் இரண்டாம் சுற்றுக்குச் சமம்.

இப்போது 2023 மார்ச் 10 அன்று நடந்த வியாபாரத்துக்கு வருவோம். வாங்கியது கரோலைனா பேந்தர்ஸ். முதல் பிக்குக்கு அவர்கள் கொடுத்தது: அந்த ஆண்டின் 9ஆவது பிக், 61ஆவது பிக், 2024ன் முதல் சுற்று பிக், 2025ன் இரண்டாம் சுற்று பிக், கூடவே டி.ஜே. மூர் என்ற முன்னணி ரிசீவர், அதாவது வீசும் பந்தைப் பிடிப்பவர்.

பட்டியலை வைத்துக் கூட்டிப் பாருங்கள். 9ஆவதுக்கு 1350, 61ஆவதுக்கு 292, ஆக 1642. மீதி 1358 புள்ளி. 2024ன் முதல் சுற்றை வழக்கப்படி ஒரு சுற்று இறக்கினால், நடு இரண்டாம் சுற்று, ஏறத்தாழ 420. 2025ன் இரண்டாம் சுற்றை இரண்டு சுற்று இறக்கினால், நான்காம் சுற்றின் நடுவில், ஏறத்தாழ 70. எஞ்சுவது 868. பட்டியலில் 20ஆவது பிக்கின் விலை 850. அப்படியானால் மூருக்கு விழுந்த விலை முதல் சுற்றின் 20ஆவது பிக். ஏற்கெனவே லீகில் நிரூபித்துக் காட்டிய 25 வயது ரிசீவருக்கு அது நியாயமான விலைதான். காகிதத்தில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

ஏமாற்றியது அந்த 420 என்ற எண். பேந்தர்ஸ் முதல் பிக்கில் பிரைஸ் யங் என்ற குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவரை, எடுத்தார்கள். 2023 சீசனில் 17 ஆட்டத்தில் 2 வெற்றி, 15 தோல்வி, லீகிலேயே கடைசி. பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக்கை 11 ஆட்டம் முடிந்ததும் நீக்கினார்கள். விளைவு, 420 புள்ளி என்று எண்ணிக் கொடுத்த பிக், 2024 டிராஃப்டின் முதல் பிக்காக மாறியது. 3000 புள்ளி. விற்ற சரக்கே ஒரு வருடம் கழித்து விற்றவன் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

இதை அதிர்ஷ்டம் என்று பலரும் தள்ளிவிடுகிறார்கள். முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. பேந்தர்ஸ் கொடுத்த விலையே அவர்களைப் பலவீனமாக்கியது. புதுமுக குவார்ட்டர்பேக்குக்கு முதலில் வேண்டியது பந்தைப் பிடிக்க நம்பகமான ஒரு கை, அவரைக் காக்கும் முன்வரிசை, அதாவது லைன். அந்தக் கையை, அதாவது மூரை, சிகாகோவுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த சீசனில் யங் பந்தை வீசுவதற்கு முன்பே 62 முறை சாக் ஆனார், அதாவது பந்தோடு வீழ்த்தப்பட்டார். மூரோ சிகாகோவில் 96 கேட்ச், 1,364 கெஜம், 8 டச்டவுன் என்று குவித்தார். ஆகவே விற்பவர் கேட்க வேண்டிய விலையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வாங்குபவருடைய அடுத்த ஆண்டு முதல் சுற்றைக் கேட்கும்போதே, அவர் இழந்தால் தடுமாறும் ஓர் ஆட்டக்காரரையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இரண்டாவது, முதலாவதின் விலையை ஏற்றும்.

எல்லா வாங்குபவரும் இப்படிக் கவிழ்வார்களா என்றால், இல்லை. அதே 2023ல் அரிசோனா கார்டினல்ஸ் 3ஆவது பிக்கை ஹூஸ்டனுக்கு விற்றது. கிடைத்தவற்றில் முக்கியமானது ஹூஸ்டனின் 2024 முதல் சுற்று. முந்தைய சீசனில் 3 ஆட்டம் மட்டுமே ஜெயித்த அணி. அந்த பிக் முதல் ஐந்துக்குள் வரும் என்று எதிர்பார்த்தவர்கள் பலர். ஆனால் ஹூஸ்டன் 2ஆவது பிக்கில் சி.ஜே. ஸ்ட்ரவுடை எடுத்திருந்தது. 10 வெற்றி, 7 தோல்வி, பிளேஆஃபில் ஒரு வெற்றி. கார்டினல்ஸ் கையில் வந்தது 27ஆவது பிக். 2021ல் மயாமி டால்ஃபின்ஸ் தன் 3ஆவது பிக்கை சான்பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸுக்கு விற்றபோதும் இதே கதை. அடுத்த இரண்டு ஆண்டின் முதல் சுற்றும் கிடைத்தது. இரண்டுமே 29ஆவது இடத்தில். சான்பிரான்சிஸ்கோ அந்த 3ஆவது பிக்கில் எடுத்த ட்ரே லான்ஸ் சோபிக்கவே இல்லை, ஆனால் மற்ற இடங்களில் பலமான அணி என்பதால் ஜெயித்துக்கொண்டே இருந்தது. எனவே விற்பவருக்கு வாங்குபவரின் குவார்ட்டர்பேக் மட்டும் முக்கியமல்ல. லைன் எப்படி, தற்காப்பு எப்படி, பயிற்சியாளர் நாற்காலி ஆடுகிறதா என்றெல்லாம் பார்த்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வாங்கிய பிக்குகளை வீணடித்தவர்களும் உண்டு. 2012ல் வாஷிங்டன் அணி ராபர்ட் கிரிஃபினுக்காக செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்கு மூன்று முதல் சுற்று, ஓர் இரண்டாம் சுற்று கொடுத்தது. அவற்றில் கடைசியாக வந்தது 2014ன் 2ஆவது பிக். ராம்ஸ் அதில் எடுத்த கிரெக் ராபின்சன் தேறவில்லை. 2014 டிசம்பரில் இரு அணிகளும் மோதியபோது, அந்தப் பேரத்தால் கிடைத்தவர்களில் ஆறு பேரை ராம்ஸ் நாணயம் சுண்டும் இடத்துக்கு கேப்டன்களாக அனுப்பிக் குத்திக்காட்டினார்கள். ஆட்டத்தையும் 24-0 என்று ஜெயித்தார்கள். குறும்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆண்டுகளில் ஒரு சீசனில்கூடத் தோல்வியைவிட வெற்றி அதிகம் பெறவில்லை.

இனி, வைத்துக்கொள்ளலாம் என்பவர்களின் வாதம். அதன் வேர் 2011ல் இருக்கிறது. அதற்கு முன் முதல் பிக் என்பது ஒரு சுமை. 2010ல் முதலாவதாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு ராம்ஸ் ஒப்புக்கொண்டது 6 ஆண்டுக்கு 7 கோடியே 80 லட்சம் டாலர். அதில் 5 கோடி உறுதிப்பணம். அடுத்த ஆண்டு புதிய ஒப்பந்தப்படி புதுமுகங்களுக்குச் சம்பள அளவு நிர்ணயமானது. 2011ன் முதல் பிக் கேம் நியூட்டனுக்கு 4 ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம்தான். ஒரே ஆண்டில் சுமை சொத்தாகிவிட்டது.

இன்றைய கணக்கைப் பாருங்கள். 2024ல் ஒரு அணியின் மொத்தச் சம்பள வரம்பு 25 கோடியே 54 லட்சம் டாலர். அந்த ஆண்டின் முதல் பிக் கேலப் வில்லியம்ஸுக்கு 4 ஆண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 3 கோடியே 95 லட்சம். அதே ஆண்டு டாக் பிரெஸ்காட்டுக்கு டாலஸ் ஒப்புக்கொண்ட புதிய ஒப்பந்தம் ஆண்டுக்குச் சராசரியாக 6 கோடி. நல்ல குவார்ட்டர்பேக் ஒருவர் புதுமுகச் சம்பளத்தில் கிடைத்தால், ஆண்டுக்கு 5 கோடி மிச்சம். அதில் லைனில் இரண்டு பேர், தற்காப்பில் ஒருவர் என்று வாங்கலாம்.

நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் ரிச்சர்ட் தேலரும் கேட் மாஸியும் செய்த ஆய்வை விற்கச் சொல்பவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். ஒரே இடத்துக்கு ஆடும் இருவரில் முன்னால் எடுக்கப்பட்டவர், அடுத்து எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆடும் வாய்ப்பு 52 சதவீதம்தான் என்றது அந்த ஆய்வு. யங்குக்கும் ஸ்ட்ரவுடுக்கும் நேர்ந்ததைப் பார்த்தால் மறுக்க முடியாது. ஆனால் முதல் பிக் சம்பளத்துக்கு ஏற்ற பலன் தருவதில்லை என்ற அவர்களின் முடிவு 2011க்கு முந்தைய சம்பளத்தை வைத்துப் போட்டது. அந்தப் பகுதியை இன்றைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதை வைத்து பேர்ஸின் இரண்டு முடிவையும் எடைபோடலாம். 2023ல் அவர்களிடம் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் இருந்தார். அவருக்காக 2021ல் இதே பேர்ஸ் தங்கள் அடுத்த ஆண்டு முதல் சுற்றைக் கொடுத்திருந்தார்கள். அது 7ஆவது பிக்காகப் போய் விழுந்தது, வாங்கியவர் படும் பாடு அவர்களுக்குப் புதிதல்ல. ஃபீல்ட்ஸ் மீது நம்பிக்கை வைத்து விற்றார்கள். அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. 2024 மார்ச்சில் அவரை பிட்ஸ்பர்குக்கு அனுப்பியபோது கிடைத்தது ஓர் ஆறாம் சுற்று பிக்தான். என் கணிப்பில், 2023 விற்பனை சரி, அதற்கு வைத்த காரணம் தவறு. பேந்தர்ஸ் அவ்வளவு மோசமாக ஆடியிருக்காவிட்டால், ஸ்ட்ரவுடை விட்டதற்காகப் போல்ஸ் இன்றுவரை பேச்சு வாங்கிக்கொண்டிருப்பார். 2024ல் விற்காதது சரி. ஃபீல்ட்ஸின் ஒப்பந்தத்தை ஐந்தாம் ஆண்டுக்கு நீட்டிப்பதா என்று மே மாதத்துக்குள் சொல்லியாக வேண்டியிருந்தது; குறைந்த புதுமுகச் சம்பள ஆண்டுகளை மறுபடி முதலிலிருந்து தொடங்க வில்லியம்ஸ் வந்தார். முதல் ஆண்டில் 68 முறை சாக், 5 வெற்றி. 2025ல் 11 வெற்றி, பிரிவில் முதலிடம்.

ஏற்கெனவே குவார்ட்டர்பேக் வைத்திருக்கும் அணி தன் முதல் பிக்கை விற்பது எளிது. 2016ல் டென்னசி டைட்டன்ஸிடம் மார்கஸ் மரியோட்டா இருந்தார். முதல் பிக்கை ராம்ஸுக்குக் கொடுத்து 6 பிக்குகள் வாங்கினார்கள்; அதில் 45ஆவதில் வந்தவர் டெரிக் ஹென்றி, பின்னாளில் ஒரே சீசனில் 2,027 கெஜம் ஓடியவர். ராம்ஸும் நஷ்டப்படவில்லை, அந்த முதல் பிக்கில் எடுத்த குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃபோடு மூன்றாவது சீசனில் சூப்பர் பவுல் என்கிற இறுதிப் போட்டிக்குப் போனார்கள்.

விற்பதென்று முடிவானால் எவ்வளவு தூரம் இறங்கலாம்? தேர்வாளர்கள் ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். அதில் முதல் சுற்றுக்கு உண்மையிலேயே தகுதியானவர்கள் என்று குறித்த பெயர்களை எண்ண வேண்டும். 10 பேர் என்றால் 10ஆவது இடத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. பேர்ஸ் 9க்கு இறங்கினார்கள்; டிராஃப்ட் அன்று ஈகிள்ஸுடன் இன்னும் ஓர் இடம் மாறி, ஒரு நான்காம் சுற்று பிக்கையும் வாங்கிக்கொண்டு, 10ஆவதில் டார்னெல் ரைட் என்ற லைன் ஆட்டக்காரரை எடுத்தார்கள். ஈகிள்ஸ் அந்த 9ல் எடுத்தது ஜேலன் கார்ட்டரை. அவரை விட்டதைச் சிகாகோ ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை.

நேரமும் முக்கியம். பேர்ஸ் விற்றது டிராஃப்டுக்கு ஏழு வாரம் முன்பு. வாங்குபவருக்கு குவார்ட்டர்பேக்குகளை நிதானமாகச் சந்தித்துப் பேச அவகாசம் கிடைக்கும். அந்த அவகாசத்துக்கும் விலை உண்டு. கடைசி நிமிடம்வரை இழுத்தால் வேறு ஆபத்து. பேரம் முடிந்தது என்று இரண்டு அணிகளும் தனித்தனியே லீகுக்குச் சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லி மற்றவர் சொல்லாவிட்டால் அது பேரமே இல்லை, ஆளை எடுக்கத் தந்த நேரமும் நிற்காமல் ஓடும். 2003ல் மினசோட்டா வைக்கிங்ஸ் 7ஆவது பிக்கை பால்டிமோருக்கு விற்கப் பேசிக்கொண்டிருந்தபோது, பால்டிமோரின் உறுதி வருவதற்குள் ஆளை எடுக்க இருந்த 15 நிமிடமும் தீர்ந்து, பின்னால் நின்ற அணிகள் முந்த வழி திறந்தது. ஜாக்சன்வில் ஓடிவந்து பால்டிமோர் குறிவைத்திருந்த பைரன் லெஃப்ட்விச்சை எடுத்தது, அடுத்து கரோலைனாவும் ஓர் ஆளை எடுத்துக்கொண்டது. வைக்கிங்ஸுக்கு 9ஆவது இடம். அங்கே கெவின் வில்லியம்ஸை எடுத்தார்கள். அவர் பின்னர் ஐந்து முறை ஆல்-புரோ என்கிற, ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

நன்றி, வணக்கம்.